காப்பி அடித்தவர்கள் எல்லாம் கள்ளர்களா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில், "இன்றைக்குப் பெரிய தொழில் நாடு என்று பெயர் வாங்கிய எந்த நாடும் காப்பி அடிக்காமல் மேலே வந்ததில்லை" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். அதற்குத்தான் இத்தனை கடிதம். பாதிப் பேர் திட்டியிருக்கிறார்கள், மீதிப் பேர் தங்கள் காப்பிக்கு என்னிடம் சான்றிதழ் கேட்டிருக்கிறார்கள். சரி, இந்த முறை முழுக்க அதே பேச்சுதான்.

ஜப்பான்காரன் சொந்தமாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, அமெரிக்காக்காரன் செய்ததைச் சின்னதாக்கி விற்றான், அவ்வளவுதான் என்கிறார் என் அப்பா. உண்மையா?
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

அப்பா சொல்வதில் முன்பாதி கதை இருக்கிறது, பின்பாதி இல்லை. முன்பாதியையே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் சுவாரசியம் அங்கேதான்.

1543இல் ஜப்பானின் தெற்கே தனேகாஷிமா என்ற தீவில் ஒரு சீனக் கப்பல் வந்து ஒதுங்கியது. அதில் இருந்த போர்த்துகீசியர்கள் கையில் துப்பாக்கி. தீவின் தலைவர் தொகிதாகா, சின்னப் பையன், இரண்டு துப்பாக்கிகளை விலைக்கு வாங்கி, உள்ளூர்க் கொல்லரைக் கூப்பிட்டு இதே மாதிரி செய் என்றார். வாள் அடிப்பதில் கைதேர்ந்த ஊர் அது, இரும்பைத் தட்டிக் குழாயாக உருட்டுவது பெரிய விஷயமில்லை. மாட்டிக்கொண்டது குழாயின் பின்பக்கத்தில். அந்த முனையை அடைக்க வேண்டும். சும்மா ஒரு இரும்பை வைத்து அடித்து அடைத்தால், மருந்து வெடிக்கும்போது அது பிய்த்துக்கொண்டு சுடுகிறவன் முகத்துக்கே வரும். போர்த்துகீசியத் துப்பாக்கியில் அந்த இடத்தில் மரை போட்டு, திருகாணியை முறுக்கி அடைத்திருந்தார்கள். ஜப்பானியக் கொல்லர்களுக்குத் திருகாணி என்ற சங்கதியே பழக்கமில்லை. வெளிமரையையாவது பார்த்துப் பார்த்து அரத்தால் ராவி எடுத்துவிடலாம், குழாய்க்குள்ளே உள்மரையை எப்படிப் போடுவது? கண்ணால் பார்த்துச் செய்கிற வித்தை அந்த ஒரு இடத்தில் நின்றுபோனது. அடுத்த வருஷம் வந்த கப்பலில் இருந்த இரும்பு வேலைக்காரர் ஒருவரிடம் கற்றுக்கொண்டுதான் முடித்தார்கள் என்று 1606இல் எழுதப்பட்ட ஜப்பானியக் குறிப்பு சொல்கிறது. அந்த வித்தைக்காகக் கொல்லர் தன் மகளையே போர்த்துகீசியருக்குக் கட்டிக்கொடுத்தார் என்று ஒரு கதையும் அந்தத் தீவில் உண்டு. கதை என்றே வைத்துக்கொள்ளுங்கள். 1575இல் நாகஷினோ போரில் ஒடா நொபுனாகா என்ற தளபதியின் படை துப்பாக்கிகளை வரிசை கட்டி நிறுத்திக் குதிரைப்படையை நொறுக்கியபோது, துப்பாக்கி உள்ளூர்ச் சரக்காகிவிட்டிருந்தது. (இன்றைக்கு ஜப்பானின் ராக்கெட் ஏவுதளம் இருப்பதும் அதே தனேகாஷிமாவில்தான்.)

டொயோடா கதையும் கிட்டத்தட்ட இதே தடம். 1933 வாக்கில் கீச்சிரோ டொயோடா ஒரு செவர்லே காரை வாங்கிப் பிரித்துப் போட்டார். 1936இல் வந்த மாடல் ஏஏ காரின் உடம்பு கிரைஸ்லர் ஏர்ஃப்ளோ சாயல், இன்ஜின் செவர்லே சாயல். வெட்கமே இல்லாத காப்பி. ஆனால் இன்ஜினின் உடம்பான சிலிண்டர் பிளாக்கை இரும்பில் வார்ப்பதில் அவர்களுக்கு உயிர் போனது, ஊற்றியதில் எத்தனையோ பழைய இரும்புக்குத்தான் போனது. வரைபடத்தில் தெரியாத விஷயம் அது, மண்ணும் சூடும் தெரிந்த ஆளுக்குத்தான் பிடிபடும்.

இனி அப்பா சொல்லாத பாதி. கார் ஆசைக்கு முன்பே, 1924இல், அந்தக் குடும்பம் ஒரு தானியங்கித் தறி செய்திருந்தது. நூல் அறுந்தால் தானே நிற்கும், குறுக்கே ஓடும் ஊடை நூல் தீரப்போனால் தறி ஓட ஓடவே அந்த நூலைச் சுமக்கும் நாடாவை மாற்றிக்கொள்ளும். 1929இல் அதன் காப்புரிமைக்கு 1 லட்சம் பவுண்டுக்கு ஒப்பந்தம் போட்டது இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனி. 1860களில் ஜப்பானுக்கு நூற்பாலை இயந்திரம் விற்ற அதே பிளாட் பிரதர்ஸ்! இன்னொன்றும் அப்பாவிடம் சொல்லுங்கள்: உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை 1969 டிசம்பர் 25 அன்று விற்பனைக்குக் கொண்டுவந்தது செய்கோ. அதற்குப் பிறகு சுவிஸ் கடிகாரக்காரர்கள் பட்ட பாடு ஊரறிந்தது.

கீழை நாடுகளில் குருவை அப்படியே பின்பற்றுவதுதான் பெருமை, அதனால் அங்கே காப்பி தப்பில்லை. மேற்கத்தியருக்குத் தனித்தன்மைதான் உயிர். இப்படி ஒரு பேச்சைக் கேட்டேன். ஒத்துக்கொள்கிறீர்களா?
– பள்ளி ஆசிரியர், பாளையங்கோட்டை

பேச்சு அழகாக இருக்கிறது, அதுதான் பிரச்சினை. கலாசாரத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஜப்பானில் ஈசே கோயிலை 20 வருஷத்துக்கு ஒருமுறை பக்கத்து மனையில் அச்சு அசலாகப் புதிதாகக் கட்டுகிறார்கள், 2013இல் நடந்தது 62ஆவது முறை. யாரும் அதை டூப்ளிகேட் கோயில் என்பதில்லை. நம் சங்கீதத்தில் பாடாந்தரம் என்கிறோமே, அதுவும் அந்த வகைதான். குரு சொல்லிக்கொடுத்த சங்கதியை மாற்றாமல் பாடிக் காட்டிய பிறகுதான் சொந்தக் கற்பனைக்கு அனுமதி.

ஆனால் இதை வைத்துக்கொண்டு தொழிற்சாலையை விளக்கப் போனால் அமெரிக்காவை எந்தக் கணக்கில் சேர்ப்பது? 18ஆம் நூற்றாண்டுக் கடைசியில் நூற்பு இயந்திர ரகசியம் வெளியே போய்விடக் கூடாது என்று பிரிட்டன் சட்டமே போட்டிருந்தது. இயந்திரம் ஏற்றுமதி ஆகக் கூடாது, வேலை தெரிந்த ஆளும் நாட்டை விட்டுப் போகக் கூடாது. ஆட்கள் மீதான தடை 1824 வரை, இயந்திரத்தின் மீதான தடை 1843 வரை. சாமுவேல் ஸ்லேட்டர் என்ற 21 வயசுப் பையன், ரிச்சர்ட் ஆர்க்ரைட்டின் நூற்பு இயந்திரங்கள் ஓடிய ஆலையில் தொழில் பழகியவன், 1789இல் விவசாயி என்று சொல்லிக்கொண்டு கப்பல் ஏறிவிட்டான். கையில் ஒரு வரைபடம் கிடையாது, மொத்த ஆலையும் மண்டைக்குள். 1790 டிசம்பரில் ரோட் ஐலண்டில் பாட்டக்கெட் என்ற ஊரில் இயந்திரம் ஓட ஆரம்பித்தது. பிறந்த ஊரில் அவனுக்குத் துரோகிப் பட்டம். போன நாட்டிலோ பின்னாளில் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் வாயாலேயே 'அமெரிக்கத் தொழில்துறையின் தந்தை'.

புத்தகத்திலும் அதே கதை. வெளிநாட்டு எழுத்தாளர்களுக்கு அமெரிக்கா 1891 வரை பதிப்புரிமையே கொடுக்கவில்லை. 1842இல் சார்லஸ் டிக்கன்ஸ் அங்கே போய், என் புத்தகத்தை அச்சடித்து விற்கிறீர்களே எனக்கு ஒரு காசு வரவில்லையே என்று மேடையிலேயே கேட்டார், பத்திரிகைகள் அவரைத்தான் பணப்பேய் என்கிற மாதிரி எழுதின. ஜெர்மனி? 1887இல் பிரிட்டன் கொண்டுவந்த சட்டத்தால்தான் 'மேட் இன் ஜெர்மனி' முத்திரை பரவியது. பிரிட்டிஷ் சரக்கு மாதிரியே வேஷம் போட்டு வரும் மட்டமான ஜெர்மன் சாமானை மக்கள் அடையாளம் கண்டு ஒதுக்க வேண்டும் என்பது நோக்கம். கொஞ்ச காலத்தில் அந்த முத்திரையைத் தேடி வாங்க ஆரம்பித்தார்கள்.

அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் சீனத்துக் கன்ஃபூசியஸும் இல்லை, ஜப்பானின் ஷிண்டோ மதமும் இல்லை, ஆனால் காப்பி அதே காப்பி. பின்தங்கி இருக்கும்போது படிப்பாகத் தெரிவது முந்தியபிறகு திருட்டாகத் தெரிகிறது, அவ்வளவுதான் என் கட்சி.

ஃபைனல் இயர் பிராஜெக்ட்டை கடையில் காசு கொடுத்து வாங்கினோம். எல்லா நாடும் காப்பி அடித்ததுதானே, எங்களை மட்டும் ஏன் திட்டுகிறார்கள்?
– பொறியியல் மாணவர், நாமக்கல்

ஸ்லேட்டர் இயந்திரத்தை மண்டையில் ஏற்றிக்கொண்டு போனார் தம்பி. நீங்கள் சிடியில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறீர்கள். வைவாவில் என்ன கேட்டார்கள், என்ன சொன்னீர்கள் என்று எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.

2008 வாக்கில் 'சைனா மொபைல்' என்று சிரித்தோம். இன்று என் கடைக்குப் பழுதுக்கு வருவதில் பெரும்பாலும் சைனா பிராண்டுதான். எங்கே மாறியது?
– கைபேசி பழுதுபார்ப்பவர், சென்னை

சிரித்ததும் நாம்தான், பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கியதும் நாம்தான். பாட்டுப் போட்டால் தெருவே அதிரும் ஸ்பீக்கர், தலையில் டார்ச், கம்பியை இழுத்தால் டிவி, இரண்டு சிம், முகப்பில் 'நோக்கியா' மாதிரியே ஆனால் ஓர் எழுத்து மட்டும் தள்ளி நிற்கும் பெயர். ஒவ்வொரு போனுக்கும் தனி அடையாளமான ஐஎம்இஐ எண் ஒழுங்காக இல்லாத போன்களை 2009 டிசம்பர் 1 முதல் துண்டிக்கச் சொல்லி நம் அரசு உத்தரவு போட்டது உங்களுக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கும், அந்த நேரம் உங்கள் கடையில் கூட்டம் அலைமோதியிருக்குமே.

அந்தப் போன்கள் பின்னால் இருந்த ஏற்பாட்டைப் பாருங்கள். தைவானின் மீடியாடெக் கம்பெனி சிப்பை மட்டும் விற்கவில்லை. போர்டு எப்படி இருக்க வேண்டும், மென்பொருள் என்ன என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தது. ஷென்ஜென் நகரத்து ஹுவாச்சியாங்பெய் சந்தையைச் சுற்றி இருந்த சின்னச் சின்னக் கம்பெனிகளுக்கு மிச்ச வேலை ஓடு செய்வது, ஸ்பீக்கர் பொருத்துவது, சந்தைக்குத் தகுந்த மாதிரி எதையாவது சேர்ப்பது. ஒருத்தன் செய்ததை அடுத்த கடைக்காரன் உடனே செய்வான், முதலில் செய்தவனும் வழக்குப் போட மாட்டான், ஏனென்றால் அவனும் இன்னொருத்தனைப் பார்த்துத்தான் செய்தான். முழுக்க முழுக்க ஈயடிச்சான் காப்பியாகவே இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் சரக்கு யார் கைக்குப் போகிறது என்று அந்த ஆட்கள் கவனித்தார்கள். கரண்ட் இல்லாத ஊருக்கு டார்ச்சும் பெரிய பேட்டரியும், வீட்டுக்கு ஒன்று கடைக்கு ஒன்று என்று இரண்டு எண் வைத்திருப்பவனுக்கு இரண்டு சிம். நோக்கியாவின் ஆலை 2006 முதல் இங்கே ஸ்ரீபெரும்புதூரிலேயே ஓடியது, ஆனாலும் அந்தக் கம்பெனியிடமிருந்து இரட்டை சிம் போன் வர 2010 வாக்கில் ஆகிவிட்டது. 2014இல் ஆலையையே மூடினார்கள். அதற்கு வரித் தகராறு உட்பட வேறு காரணங்களும் உண்டு, எல்லாவற்றையும் சிம் தலையில் கட்டக் கூடாது.

2006இல் தொடங்கிய, ஷென்ஜெனைத் தலைமையிடமாகக் கொண்ட டிரான்ஷன் கம்பெனியின் டெக்னோ, ஐடெல் போன்கள் ஆப்பிரிக்காவில் சக்கைப்போடு போடுவதும் இப்படித்தான், கறுப்புத் தோல் நிறம் படத்தில் சரியாக விழும்படி கேமராவைத் திருத்திக்கொடுத்தார்கள். ஆப்பிளும் சாம்சங்கும் கோர்ட்டில் யார் யாரைக் காப்பி அடித்தது என்று 2011 முதல் 2018 வரை சண்டை போட்டுக்கொண்டிருந்த காலத்தில் நடந்தது இது.

இப்போது சீனாவே காப்புரிமைக்கு வரிசையில் நிற்கிறது. சர்வதேசக் காப்புரிமை விண்ணப்பங்களில் 2019இல் அமெரிக்காவை முந்திவிட்டது. எண்ணிக்கையை வைத்து மட்டும் மூளையை அளக்க நான் தயாரில்லை, ஆனால் கதவைச் சாத்துகிற பக்கத்துக்கு அவர்களும் வந்துவிட்டார்கள் என்பது தெரிகிறது.

சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறேன். வெளிநாட்டு இயந்திரத்தின் உதிரி பாகத்தைக் கொண்டுவந்து, இதே மாதிரி வேண்டும் என்கிறார்கள். செய்துகொடுப்பது திருட்டா?
– பட்டறை உரிமையாளர், கோவை

கோவையிலிருந்து இந்தக் கேள்வியா! உங்கள் ஊரே அப்படி வளர்ந்த ஊர்தானே. பெரும்பாலான உதிரிக்குப் பிரச்சினை வராது. காப்புரிமை என்பது நாட்டுக்கு நாடு தனி, இங்கே பதிவாகாதது இங்கே செல்லாது, பதிவாகியிருந்தாலும் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருஷம்தான். காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் யாரும் காசில்லாமல் தேடிப் பார்க்கலாம். வடிவமைப்புப் பதிவு இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள், அது அதிகபட்சம் 15 வருஷம். சந்தேகம் வந்தால் வக்கீலைக் கேளுங்கள், என்னை அல்ல. ஆனால் ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: அந்தக் கம்பெனியின் பெயரைப் பொறித்துக் கொடுக்கச் சொன்னால் ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள். உருப்படியைப் பார்த்துச் செய்வது வேறு, பெயரைப் போடுவது வேறு. இரண்டாவது சிறை வரை போகும்.

தொழில் விஷயமாக ஒன்று. உங்களிடம் வருவது தேய்ந்துபோன பாகம். அதை வெர்னியரில் அளந்து அப்படியே கடைந்தால் தேய்மானத்தையும் சேர்த்துக் காப்பி அடித்துவிடுவீர்கள். புதுசாக இருந்தபோது ஷாஃப்ட்டுக்கும் புஷ்ஷுக்கும் எவ்வளவு இடைவெளி விட்டிருந்தான், எந்த ஸ்டீல், ஹார்டனிங் மேலோடு மட்டுமா உள்ளே வரையா, இதெல்லாம் அளவுகோலில் விழாது. இதைக் கேட்டு யோசிக்கிற பட்டறைக்கும், அளந்து கடைந்து அனுப்புகிற பட்டறைக்கும் வித்தியாசம் வாடிக்கையாளருக்கு ஆறு மாதத்தில் தெரிந்துவிடும்.

உங்கள் ஊர் கிரைண்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1955இல் பி. சபாபதி மின்சாரத்தில் மாவாட்டும் கிரைண்டரைச் செய்தார். அப்புறம் தெருவுக்குத் தெரு அதைப் பார்த்துச் செய்தார்கள். சும்மா செய்யவில்லை, சாய்த்து மாவை வழிக்கிற டில்டிங் வந்தது, மேடையில் வைக்கிற டேபிள் டாப் வந்தது. கடைசியில் 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' என்று புவிசார் குறியீடு கிடைத்தபோது, அது யாரோ ஒருவர் பெயரில் இல்லை, ஊர் பெயரில் இருந்தது. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் செய்தவர்கள் எல்லோருக்குமாகச் சேர்ந்த சொத்து என்று சட்டமே ஒத்துக்கொண்ட மாதிரி. எனக்கு இது ரொம்பப் பிடித்த விஷயம்.

மலிவாகக் கிடைக்கும் ஜெனரிக் மருந்து, டூப்ளிகேட் மருந்துதானே? வீட்டில் வாங்கப் பயமாக இருக்கிறது.
– இல்லத்தரசி, மதுரை

இல்லை அம்மா. போலி மருந்து என்பது உள்ளே என்ன இருக்கிறதோ தெரியாமல் வேறொருவர் பெயரில் விற்பது. ஜெனரிக் என்பது அதே மூலப்பொருள், செய்தவர் பெயர் வெளிப்படையாக இருக்கும், உரிமம் வாங்கிச் செய்வது.

நம் நாடு இதில் வேண்டுமென்றே எடுத்த முடிவு ஒன்று உண்டு. 1970ஆம் ஆண்டுச் சட்டத்தில், மருந்துக்குக் காப்புரிமை கிடையாது, மருந்தைச் செய்யும் முறைக்கு மட்டும்தான் என்று வைத்தார்கள். ஆகவே அதே மருந்தை வேறு வழியில் செய்து காட்டினால் குற்றமில்லை. கேட்க எளிது, ஆனால் வேறு வழி கண்டுபிடிக்க வேதியியல் தெரிந்திருக்க வேண்டும், நம் மருந்துக் கம்பெனிகள் அந்தத் தேவையில்தான் கெட்டிப்பட்டன. 2001இல் நம் நாட்டு மருந்துக் கம்பெனி சிப்லா எச்ஐவி கூட்டு மருந்தை ஓர் ஆளுக்கு வருஷத்துக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்றது; அப்போது பணக்கார நாடுகளில் அதே சிகிச்சைக்கு 10,000 டாலருக்கு மேல். திருட்டு என்றுதான் அங்கே சிலர் சொன்னார்கள். ஆப்பிரிக்காவில் எத்தனை உயிர் பிழைத்தது என்று யோசித்துவிட்டு அந்தச் சொல்லைப் பயன்படுத்தட்டும்.

2005இல் மருந்துக்கும் காப்புரிமை திரும்ப வந்துவிட்டது, உலக வர்த்தக ஒப்பந்தம் அப்படி. ஆனால் பழைய மருந்தில் சின்ன மாற்றம் செய்து, குணத்தில் பெரிய முன்னேற்றம் இல்லாமல், புதுசு என்று கேட்டால் கிடையாது என்று ஒரு பிரிவைச் சேர்த்துக்கொண்டோம். ரத்தப் புற்றுநோய் மருந்தான கிளிவெக் விஷயத்தில் சுவிஸ் கம்பெனி நோவார்ட்டிஸ் அந்தப் பிரிவையே எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் 2007இல் தோற்றது, காப்புரிமை வழக்கில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றத்திலும் தோற்றது. தன் மருந்தையே காப்பி அடித்துப் புதுசு என்பதும் ஒரு காப்பிதான் என்று நான் புரிந்துகொண்டேன், நீதிபதிகள் இவ்வளவு கொச்சையாகச் சொல்லவில்லை.

நீங்கள் பயப்படாமல் வாங்கலாம், பில் கேட்டு வாங்குங்கள். வலிப்பு, தைராய்டு மாதிரி அளவு துல்லியமாக இருக்க வேண்டிய மருந்து என்றால் மட்டும், மாற்றுவதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை.

எல்லோரும் மற்றவரைப் பார்த்துச் செய்தார்கள் என்கிறீர்கள். நம்மைப் பார்த்து யாராவது செய்தார்களா?
– வாசகர், புதுச்சேரி

உங்கள் ஊரிலேயே நடந்தது. சோழமண்டலக் கரையின் சாயத்துணி ஐரோப்பாவில் பைத்தியமாகப் பரவியது, எத்தனை துவைத்தாலும் நிறம் போகாத துணியை அவர்கள் அதுவரை அதிகம் பார்த்ததில்லை. உள்ளூர் நெசவாளர்கள் கூச்சல் போட, பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை தடையே போட்டது, இங்கிலாந்து 1700இலும் 1721இலும் சட்டம் கொண்டுவந்தது. ஒரு பக்கம் தடை, இன்னொரு பக்கம் உளவு. 1734இல் புதுச்சேரியில் பொலியூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி தன் கண் முன்னால் ஒரு துணிக்குச் சாயம் ஏற்றச் சொல்லி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துண்டை வெட்டி எடுத்து, குறிப்போடு சேர்த்துப் பாரிசுக்கு அனுப்பினார். கடுக்காயும் எருமைப்பாலும் சேர்த்து ஊறவைப்பது, படிகாரம், சிவப்பு நிறம் தரும் சாயவேரைக் காய்ச்சுவது, எல்லாம் படிப்படியாக. 1742இல் கெர்து என்ற ஜெசூட் பாதிரியார், மதம் மாறியிருந்த சாயக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதிய கடிதமும் உண்டு. பிரிட்டிஷாரின் காங்கிரீவ் ராக்கெட்டுக்கு மைசூர் ராக்கெட் முன்மாதிரி என்பது பள்ளிப் பாடம், அதை விடுங்கள்.

இதைப் படித்துவிட்டு, எல்லாம் நம்மிடமிருந்து போனதுதான் என்று வாட்ஸ்அப்பில் சுற்றவிடாதீர்கள். சாயவேர் அங்கே கிடைக்காது, அவர்கள் தங்கள் ஊர் மஞ்சிட்டி வகை வேரை வைத்து மாற்றிச் செய்தார்கள். செப்புத் தகட்டிலும் பிறகு உருளையிலும் அச்சடித்தார்கள். நம் சாயக்காரர் கையில் தூரிகையோடு உட்கார்ந்திருந்தார், வியாபாரம் போனது.

என்னிடம் ஒரு ஆப் ஐடியா இருக்கிறது. வெளியே சொன்னால் யாராவது திருடிவிடுவார்களோ என்று இரண்டு வருஷமாக மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.
– இளைஞர், சேலம்

இரண்டு வருஷம் ஆகிவிட்டதல்லவா, இந்நேரம் யாராவது தானாகவே யோசித்திருப்பார்கள். வெறும் ஐடியாவுக்குக் காப்புரிமை கிடையாது, வெறும் கணினி நிரலுக்கும் நம் சட்டத்தில் கிடையாது. அதோடு ஒரு புதுக் கருவியோ தொழில்நுட்ப முறையோ இருக்கிறது என்று நினைத்தால், வெளியே சொல்வதற்கு முன் தற்காலிக விண்ணப்பம் போட்டுவிடுங்கள். தனிநபருக்கு இணையம் வழியாக 1,600 ரூபாய், முழு விண்ணப்பத்துக்கு 12 மாதம் அவகாசம் உண்டு. அப்படி எதுவும் இல்லையென்றால் இன்று ராத்திரி சாப்பிடும்போது மனைவியிடம் சொல்லுங்கள். இது ஏற்கெனவே ஃபோனில் இருக்கிறதே என்பார், பெரும்பாலும்.